விலாசத்தையும் சேர்த்து வாசித்தேன்

"அந்த அக்காவின் காலத்தில் எல்லாம் சட்டப்படி நடந்தது" என்று புதிதாக வந்த பிள்ளைகள் நீங்கள் பேசிக்கொள்வதாகக் கேள்விப்பட்டேன். எனக்கு அதைச் சொன்னவர் புகழ்ச்சியாகத்தான் சொன்னார். அன்றைக்கு மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. சபையின் சிறப்பு மலருக்கு ஓர் அனுபவக் கட்டுரை கேட்டிருந்தீர்கள். ரெண்டர் திறப்பது எப்படி என்று தலைப்பும் நீங்களே தந்தீர்கள். அது எப்படி என்று சுற்றறிக்கையில் இருக்கிறது, உங்களுக்குக் கண்ணும் இருக்கிறது, வாசித்துக்கொள்ளுங்கள். நான் எழுதப்போவது வேறு.

எந்த உள்ளூராட்சிச் சபை என்று இங்கே எழுதமாட்டேன். திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றி எத்தனையோ அலுவலகங்கள். உங்களுக்குத் தெரியும், அது போதும். அது சண்டைக்காலம். காலையில் வேலைக்கு வருவதற்கு மூன்று இடத்தில் சைக்கிளை விட்டு இறங்கி அடையாள அட்டை காட்டுவோம். தெரிவான உறுப்பினர் என்று ஒருவரும் இல்லை. சபையைக் கலைத்துவிட்டு விசேட ஆணையாளர் ஒருவரை நியமித்திருந்தார்கள். மாதக் கூட்டத்தில் அவரே முன்மொழிவார், அவரே வழிமொழிவார், ஏகமனதாக நிறைவேறியது என்று நாங்கள் கூட்ட அறிக்கையில் எழுதுவோம். சிரிக்க வேண்டாம். அந்தப் பட்டினத்தின் வாய்க்காலும் தெருவிளக்கும் குப்பையும் அப்படித்தான் நடந்தன.

நான் வேலைப்பகுதியில் கோவைகள் பார்க்கும் லிகிதர். முப்பத்திரண்டு வயது, கலியாணம் ஆகவில்லை, கோபம் மூக்கு நுனியில். பெருமைப்பட்டுக்கொள்ள என்னிடம் ஒரேயொரு பொருள் இருந்தது. அது என் குரல். கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் பேச்சுப்போட்டி என்றால் முதற்பரிசு எனக்குத்தான். ஞாயிறு பூசையில் வாசகம் வாசிப்பதும் நான்தான். கரண்ட் இல்லாத நாளிலும் கோயிலின் கடைசி வாங்குக்குக் கேட்கும் என்று பாதர் சொல்லுவார்.

ரெண்டர் என்ற விலைமனுக்களைத் திறக்கும் வேலை எனக்கு வந்ததும் அந்தக் குரலால்தான். ஒரு மதகு கட்ட வேண்டும், சந்தைக்குக் கூரை போட வேண்டும் என்றால் கொந்தராத்துக்காரர் தங்கள் விலையை உறையில் போட்டு ஒட்டி, பூட்டிய பெட்டிக்குள் போடுவார்கள். குறித்த நாளில் பின்னேரம் இரண்டு மணிக்குப் பெட்டியை எல்லாருக்கும் முன்னால் திறந்து, ஒவ்வொன்றாக உரத்து வாசிக்க வேண்டும். யாரும் வந்து இருந்து கேட்கலாம். உள்ளுக்குள் கள்ள வேலை நடக்கவில்லை என்று ஊர் தன் காதால் கேட்க வேண்டும், அதுதான் முறை. எனக்கு அந்த முறை மிகவும் பிடித்திருந்தது. துவக்கு வைத்திருந்தவன் சொன்னதெல்லாம் சட்டமாக இருந்த காலத்தில், எங்கள் சபையில் மட்டும் ஒரு கதவு ஊருக்குத் திறந்திருக்கிறது என்று நினைப்பேன்.

இப்போது சிவலிங்கம் கதையைச் சொல்ல வேண்டும். அதுவும் இதற்குள் வருகிறது. எங்கள் கொந்தராத்துப் பட்டியலில் இரண்டு சிவலிங்கம் இருந்தார்கள். ஒருவர் இறக்கக்கண்டி ஆள், மற்றவர் பட்டினத்து ஆள். ஒருமுறை சந்தைக் கூரை வேலைக்கு இருவரும் உறை போட்டிருந்தார்கள். குறைந்த விலை சிவலிங்கம் என்று நான் வாசித்தேன். இரண்டு பேரும் ஒன்றாக எழும்பி நன்றி சொன்னார்கள். பிறகு அடிபிடி. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒருவர் கதிரையைத் தூக்க, மற்றவர் என் மேசை மீது ஏற, பியோன் அந்தோனி அண்ணன்தான் நடுவில் புகுந்து பிரித்துவிட்டார். தோற்ற சிவலிங்கம் கொழும்புக்கு மனுப் போட்டார். நான் ஆளை மாற்றிப் போட்டேனாம். விளக்கம் கேட்டு எனக்குக் கடிதம் வந்தது. நான் அழுதேன்.

அதற்குப் பிறகு நானாகவே ஒரு வழக்கம் கொண்டுவந்தேன். பெயரோடு விலாசத்தையும் சேர்த்து வாசிப்பது. எந்தச் சிவலிங்கம் என்று ஒருவருக்கும் சந்தேகம் வரக்கூடாது. ஒருவரும் என்னைத் தடுக்கவில்லை. நல்ல யோசனை என்று ஆணையாளரே பாராட்டினார். ஐந்து வருடம் அப்படி வாசித்தேன். ஐந்து வருடம் ஒரு காரியத்தைச் செய்தால், அதை யார் தொடங்கினார்கள் என்பது தொடங்கினவளுக்கே மறந்துபோகும்.

இனி அந்த நாள். ஒரு வியாழக்கிழமை. சந்தை வீதியில் உடைந்து கிடந்த மதகைத் திருத்துவதற்கான ரெண்டர்.

காலை பதினொரு மணியிருக்கும். யோகராசா என்ற மேசன் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். நாற்பது வயது, கறுத்து மெலிந்த ஆள். விரிகுடாவுக்கு அங்காலே கட்டைபறிச்சானைச் சேர்ந்தவர். அங்கே இருந்த நாளில் எங்களுக்கு இரண்டு வாய்க்கால் கட்டித் தந்திருக்கிறார், பட்டியலில் பெயர் இருந்தது. ஆறேழு மாதமாக ஆளைக் காணவில்லை. இப்போது கையில் உறையோடு வந்து நின்றார், ஆனால் பெட்டிக்குள் போடவில்லை.

"மிஸ், ஒரு கதை கேக்கலாமோ?"

"கேளுங்கோ."

"இதுக்குள்ள விலாசம் எழுதிக் கிடக்கு. பின்னேரம் அதையும் வாசிப்பியளோ?"

"ஓம். எல்லாற்றையும் வாசிக்கிறதுதானே."

அவர் குரலைக் குறைத்தார். "அதை மட்டும் வாசிக்காமல் விட ஏலாதோ?"

"ஏலாது. அது சட்டம்."

இந்தச் சொல்லை நான் எப்படிச் சொன்னேன் என்பது எனக்கு இப்போதும் காதில் கேட்கிறது. தலையை நிமிர்த்தக்கூட இல்லை. வேறு கோவை ஒன்றின் கடதாசிகளுக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தேன்.

"அப்பிடியெண்டா மிஸ், இதைக் கிழிச்சுப்போட்டுப் பழைய விலாசத்தை எழுதித் தரட்டோ? கட்டைபறிச்சான் விலாசம். அதுவும் என்ர வீடுதானே."

"இப்ப எங்க இருக்கிறியளோ அந்த விலாசம்தான் வேணும். பொய் விலாசம் எழுதினா உங்கட ரெண்டர் செல்லாது. பிறகு என்னோட சண்டைக்கு வரக்கூடாது."

ஏன் என்று நான் கேட்கவில்லை. ஒரு சொல், "ஏன் அண்ணன்?" என்று கேட்டிருந்தால் அந்த மனுசன் சொல்லியிருப்பார். சொல்லத்தான் வந்து நின்றார். பெட்டியின் வாயில் உறையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். பாதி உள்ளே, பாதி வெளியே. பிறகு விட்டார். மூன்று பிள்ளைகள், ஆறு மாதமாகக் கூலி இல்லை. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது.

இரண்டு மணிக்கு அறையில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். அந்தோனி அண்ணன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தார். அவர் என்னைவிட இருபது வயது மூத்தவர். அலுவலகத்தில் எல்லாரும் என்னை மிஸ் என்றால், அவர் மட்டும் பிள்ளை என்பார். பெட்டியை வைக்கிறபோது குனிந்து சொன்னார்.

"பிள்ளை, அலுமாரியடியில ஒரு பொடியன் இருக்கிறான். பெட்டிக்குள்ள அவன் ஒண்டும் போடேல்லை. போட்ட ஆக்களோடயும் வரேல்லை."

நான் பார்த்தேன். கோடுபோட்ட சேர்ட், மடியில் ஒரு பேப்பர். முகம் ஞாபகம் இல்லை. எத்தனையோ முறை நினைத்துப் பார்த்துவிட்டேன், முகம் வரவில்லை, சேர்ட்தான் வருகிறது.

"ஆரும் வரலாம் அண்ணன். அதுதான் முறை" என்றேன்.

"முறைதான். நான் சும்மா சொன்னனான்" என்றுவிட்டு அவர் கதவடிக்குப் போய்விட்டார்.

வாசித்தேன். முதலாவது, இரண்டாவது, மூன்றாவது. நான்காவது உறை யோகராசாவுடையது. விலாசத்தை அழகான பெண்கையெழுத்தில் விபரமாக எழுதியிருந்தார்கள். லிங்கநகர், ஒழுங்கை, யாருடைய வளவு, வளவுக்குள் பின்பக்கத்து அறை என்று எல்லாம் இருந்தது. தபால்காரன் தடுமாறாமல் வர வேண்டும் என்று எழுதிய விலாசம். நான் அதை ஒரு சொல் விடாமல் வாசித்தேன். கணீரென்று வாசித்தேன். "பின்பக்கத்து அறை" என்பதைக்கூட விடவில்லை. வாசித்துவிட்டுத் தொகையைச் சொன்னேன். அதுதான் மிகக் குறைந்த தொகை. பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பி அவருக்குக் கை கொடுத்தார்கள். அவர் கை கொடுத்துக்கொண்டே அலுமாரிப் பக்கம் பார்த்தார். நானும் பார்த்தேன். அங்கே ஒருவரும் இல்லை. இன்னும் இரண்டு உறை மிச்சம் இருந்தது, அவன் அதைக் கேட்க நிற்கவில்லை.

கூட்டம் கலைந்தபோது யோகராசா என் மேசைக்கு வந்தார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன். "நன்றி மிஸ், எப்ப வேலை தொடங்கலாம்?" என்றுதான் கேட்டார். ஆணையாளர் ஒப்பமிட்டதும் கடிதம் வரும் என்றேன். "கடிதம் எந்த விலாசத்துக்கு வரும்?" என்றார். நீங்கள் எழுதின விலாசத்துக்குத்தான் என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

அடுத்த புதன்கிழமை ஆணையாளர் ஒப்பமிட்டார். வியாழக்கிழமை, தபால் சரியாக ஓடாத நாட்கள் என்பதால், கடிதத்தை அந்தோனி அண்ணனிடம் கொடுத்துச் சைக்கிளில் அனுப்பினேன். ஒரு மணித்தியாலத்தில் திரும்பி வந்தார். கடிதத்தை என் மேசையில் வைத்தார். உறை பிரிக்கப்படவில்லை.

"ஆள் இல்லைப் பிள்ளை."

"மனுசியிட்டக் குடுத்திருக்கலாமே."

"செவ்வாய்க்கிழமை ரெண்டு பேர் சைக்கிளில வந்தவையாம். ஒரு விசாரணை, ஒருக்கா வந்திட்டுப் போங்கோ எண்டு கூட்டிக்கொண்டு போட்டினம். ஒருத்தரிட்டயும் வழி கேக்கேல்லையாம். நேரா வளவுக்குள்ள வந்து, பின்பக்கத்து அறைக் கதவில தட்டியிருக்கினம்."

யார் அந்த இரண்டு பேர் என்று கேட்பீர்கள். அன்றைக்குத் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. அந்த நாளில் ஆளைக் கொண்டுபோக எல்லாத் தரப்புக்கும் ஆள் இருந்தது. அவருடைய தம்பியைத் தேடினவர்கள் தம்பி கிடைக்காமல் அண்ணனைத் தேடத் தொடங்கினார்கள் என்றும், அதனால்தான் குடும்பத்தோடு லோஞ்ச் படகில் ஏறி இந்தப் பக்கம் வந்து ஒளிந்திருந்தார் என்றும் பிறகு அறிந்தேன். ஆள் திரும்பி வரவே இல்லை.

பதினான்கு நாளுக்குள் வந்து ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்காவிட்டால் வேலையை அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும், வராதவரின் பெயரைக் கொந்தராத்துப் பட்டியலில் இருந்து வெட்ட வேண்டும். இது உண்மையிலேயே சட்டம். பதினைந்தாம் நாள் கூட்டத்தில் விஷயம் வந்தது. மேசையில் ஆணையாளர், செயலாளர், வேலை மேற்பார்வையாளர், குறிப்பெடுக்க நான்.

"ஐயா, அவர் வராமல் விடேல்லை. அவரை..." என்று தொடங்கினேன்.

ஆணையாளர் பேனையைக் கீழே வைத்தார். கெட்ட மனுசன் இல்லை. சொந்தத் தமையனின் மகனைப் பறிகொடுத்தவர். "மிஸ், ஏன் வரேல்லை எண்டு நீர் எழுதினா, உமக்கு எப்பிடித் தெரியும் எண்டு கேட்டு ஒருத்தன் வருவான். மற்றவன் ஏன் எழுதினீர் எண்டு கேட்டு வருவான். சமூகமளிக்கவில்லை எண்டு எழுதும். அது பொய்யில்லைத்தானே."

எழுதினேன். பட்டியலில் இருந்து பெயரை வெட்டுவதை மட்டும் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போடலாம் என்றேன். சரி என்றார். ஒவ்வொரு கூட்டத்திலும் அடுத்த கூட்டத்துக்கு என்று எழுதினேன். நான் ஓய்வு பெறுமட்டும் அந்தப் பெயர் வெட்டப்படவில்லை. இதைச் சொல்லி நல்ல பெயர் வாங்கப் பார்க்கிறேன் என்று நினைக்காதீர்கள். செத்த மனுசனுக்கு ரெண்டர் போட உரிமை இருந்து என்ன, இல்லாமல் என்ன.

மதகை இரண்டாவது ஆள் கட்டினார். நன்றாகத்தான் கட்டினார், இன்றைக்கும் நிற்கிறது. சந்தைக்குப் போக நான் வேறு வழியால் சுற்றிப் போவேன்.

மூன்று கிழமைக்குப் பிறகு ஒரு நாள் காலை யோகராசாவின் மனைவி வந்தாள். பெயர் புவனேஸ்வரி. சீலை கசங்காமல் உடுத்தியிருந்தாள், கையில் ஒரு பிளாஸ்ரிக் பை. ரெண்டரோடு கட்டிய பிணைக்காசைக் கேட்க வந்திருக்கிறாள் என்று நினைத்து, நான் உடனே அந்தக் கோவையை எடுத்து வைத்தேன். அவள் கதிரையில் இருந்து பையைத் திறந்து ஒரு கடதாசியை வெளியே எடுத்தாள். யோகராசா தந்த விண்ணப்பத்தின் காபன் பிரதி. அதே அழகான கையெழுத்து.

"இது என்ர கையெழுத்து மிஸ். அவருக்கு எழுத்து அவ்வளவு வராது. நான் ஓலெவல் படிச்சனான்."

"அழகான கையெழுத்து" என்றேன். வேறு என்ன சொல்ல.

"அவர் கட்டைபறிச்சான் விலாசத்தை எழுதச் சொன்னவர். நான்தான் கேக்கேல்லை. தற்போதைய விலாசம் எண்டு போமில கிடக்கு, கவுண்மேந்துக் கடதாசியில பொய் எழுதக்கூடாது எண்டு சண்டை பிடிச்சு இதை எழுதினனான். வேலை கிடைச்சா கடிதம் வீட்டுக்கு வந்து சேர வேணுமே எண்டு விபரமாவும் எழுதினனான்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"அண்டைக்கு வந்து, வேலை கிடைச்சிட்டுது, ஆனா விலாசத்தை வாசிச்சுப் போட்டினம் எண்டு சொன்னவர். புதனுக்கிடையில வேற அறை பாப்பம் எண்டவர். செவ்வாய்க்கிழமை வந்திட்டினம். இப்ப மாமியாக்கள் என்னோட கதைக்கிறேல்லை. நீ எழுதினதாலதான் அவன் போனவன் எண்டு சொல்லினம்."

பிறகுதான் வந்த விஷயத்தைக் கேட்டாள்.

"நான் நினைச்சன் மிஸ், எழுதிக் குடுக்கிறது உங்கட ஃபைலுக்குள்ள இருக்கும் எண்டு. ஊருக்கு முன்னால வாசிப்பினம் எண்டு எனக்குத் தெரியாது. வாசிக்கத்தான் வேணும் எண்டு சட்டம் இருக்கோ? இருந்தா, நான் அதை அறிஞ்சுபோட்டு எழுதியிருக்க வேணும். அப்ப பிழை என்னிலதான். சட்டம் இல்லாட்டி..."

அவள் அதை முடிக்கவில்லை. சட்டம் இல்லாவிட்டால் பிழை யாரில் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

நான் பயப்படவில்லை. இதைக் கவனித்து வாசியுங்கள். அந்த நிமிடத்தில் எனக்கு எந்தப் பயமும் இல்லை. சட்டம் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்பினேன். எழும்பிப் போய், அலுமாரியில் இருந்து சுற்றறிக்கைகள் கட்டிய தடித்த புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து, அவளுக்கு முன்னால் வைத்து விரித்தேன். அந்த நாளில் அது ஆங்கிலத்திலும் சிங்களத்திலும்தான் இருந்தது, தமிழில் வரவில்லை. ரெண்டர் திறக்கும் பகுதியைத் தேடி எடுத்து விரலை வைத்தேன்.

ரெண்டர் போட்டவரின் பெயரையும், கேட்ட தொகையையும் உரத்து வாசிக்க வேண்டும் என்று இருந்தது. அதற்குப் பிறகு முற்றுப்புள்ளி.

விரலை மேலே கொண்டுபோனேன், கீழே கொண்டுவந்தேன். பக்கத்தைத் திருப்பினேன். அதன் பிறகுதான் எனக்குச் சிவலிங்கம் ஞாபகத்துக்கு வந்தான். கதிரையைத் தூக்கினவன். கொழும்புக்கு மனுப் போட்டவன். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதை என்பார்களே, நான் பிடித்தது அதைவிடப் பொல்லாதது. அந்த மனுசன் உறையைப் பாதியில் பிடித்துக்கொண்டு நின்று கெஞ்சினபோது, என் சொந்தப் பழக்கத்தைச் சட்டம் என்று சொல்லி அவர் கையில் இருந்து உறையை விழுத்தியிருக்கிறேன். பழைய விலாசத்தைத் தருகிறேன் என்று அவர் கேட்டதை அவர் மனைவிக்குச் சொல்லவும் இல்லைப்போலும். அவளுக்கு அது தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும்.

"கிடக்கோ மிஸ்?" என்று கேட்டாள். "எனக்கு இங்கிலிஷ் வாசிக்கத் தெரியும், ஆனா சட்டத்து இங்கிலிஷ் விளங்காது. நீங்கள் ஒருக்காத் தமிழில வாசிச்சுச் சொல்லுங்கோ."

இரண்டு சொல் போதும். "இல்லை, தங்கச்சி." அதைச் சொன்னால் என் வேலை போயிருக்கலாம். அவளுடைய மாமியார் வீட்டார் என் வாசலில் வந்து நின்று மண் அள்ளி எறிந்திருக்கலாம். அதற்கு மேல் ஒன்றும் நடந்திராது. அவளோ நிமிர்ந்து வீட்டுக்குப் போயிருப்பாள்.

நான் புத்தகத்தைப் பார்த்து வாசித்தேன். "ரெண்டர் போட்டவரின் பெயர், விலாசம், கேட்ட தொகை ஆகியவற்றை உரத்து வாசிக்க வேண்டும்." ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழாக்குகிறவளைப்போல நடுவில் நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. அந்தக் குரல் எதற்கும் நடுங்காது.

"விலாசம் எண்டும் கிடக்கோ?"

"ஓம். கிடக்கு."

அவள் புத்தகத்தை எட்டிப் பார்க்கவில்லை. என்னை நம்பினாள். காபன் பிரதியை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"அப்ப நீங்கள் என்ன செய்யிறது, சட்டம்தானே. பிழை என்னிலதான்" என்றாள். "வேலைநேரத்தில கரைச்சல் குடுத்துப் போட்டன். குறை நினைக்காதையுங்கோ."

எழும்பி, கதிரையை மேசைக்குள் தள்ளிவிட்டுப் போனாள்.

அந்தோனி அண்ணன் கதவடியில் தேத்தண்ணீரோடு நின்றார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் எனக்கு முந்தின லிகிதரின் காலத்தில் இருந்து இருபது வருடமாக அந்த அறையில் ரெண்டர் பெட்டி தூக்கினவர். எது முன்பு வாசிக்கப்பட்டது, எது வாசிக்கப்படவில்லை என்பது அவருக்குத் தெரியாமலா இருக்கும்? கோப்பையை மேசையில் வைத்தார்.

"தேத்தண்ணி, மிஸ்" என்றார்.

அன்றைக்குப் பிறகு அவர் என்னைப் பிள்ளை என்று கூப்பிடவில்லை. ஓய்வு பெறுமட்டும் மிஸ்தான். மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை.

அடுத்த ரெண்டரில் இருந்து விலாசம் வாசிப்பதை நிறுத்தினேன். உறைகளில் ஒன்று, இரண்டு, மூன்று என்று சிவப்புப் பென்சிலால் இலக்கம் போட்டு, "இலக்கம் இரண்டு, சிவலிங்கம்" என்று வாசித்தேன். இரண்டு சிவலிங்கமும் வந்திருந்தார்கள். ஒரு குழப்பமும் வரவில்லை. இவ்வளவுதான் தேவைப்பட்டிருந்தது. ஒரு பென்சில். கோயிலில் வாசகம் வாசிப்பதையும் விட்டேன். தொண்டையில் வருத்தம் என்று பாதருக்குச் சொன்னேன். அதுவும் பொய்.

நாலு மாதம் கழித்து, தூக்கம் இல்லாமல் போய், எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று ஒரு சனிக்கிழமை லிங்கநகருக்குப் போனேன். வழி ஒருவரிடமும் கேட்கவில்லை. விலாசம்தான் மனப்பாடமாயிற்றே. பின்பக்கத்து அறையில் வேறு குடும்பம் இருந்தது. வளவுக்காரர் வெளியே வந்து, "அந்தப் பிள்ளை பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு போட்டுது. இந்தியாவுக்குப் போனவை எண்டும் சொல்லினம், அகதி முகாமில எண்டும் சொல்லினம். நீங்கள் ஆர்?" என்று கேட்டார். சபைக் கந்தோரில் இருந்து வந்தேன் என்றேன். "காசு ஏதும் குடுக்கக் கிடக்கோ?" என்றார். இல்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பிறகும் விசாரித்தேன், சண்டை முடிந்த பிறகும் விசாரித்தேன். கிடைக்கவில்லை. எங்கேயோ ஓரிடத்தில் அவள் உயிரோடு இருந்தால், தன் கையெழுத்தால்தான் புருசன் போனான் என்று நினைத்துக்கொண்டுதான் இருப்பாள். அவளுடைய பிள்ளைகளும் அப்படித்தான் நினைப்பார்கள்.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்று ஒருவரும் எனக்கு ஆறுதல் சொல்ல வரவேண்டாம். சறுக்கினது நான். கீழே நசிந்தது வேறு ஆட்கள். முதல் பிழையை நான் அறியாமல் செய்தேன், அதற்கு வேண்டுமானால் மன்னிப்பு இருக்கலாம். இரண்டாவதைப் புத்தகத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டே செய்தேன்.

உங்களுக்குச் சொல்வதற்கு என்னிடம் இருப்பது கொஞ்சம்தான். மேசைக்கு முன்னால் ஒரு ஆள் நின்று, இதை விட ஏலாதோ என்று கேட்டால், கோவைக்கு நூல் கோப்பதை நிறுத்துங்கள். முகத்தைப் பாருங்கள். ஏன் என்று கேளுங்கள். சட்டம் என்று வாயில் வந்தால், அதைச் சொல்ல முதல் எழும்பிப் போய்ப் புத்தகத்தைப் பாருங்கள். பார்த்து, அங்கே இல்லாவிட்டால், இல்லை என்று அந்த ஆளுக்கே சொல்லுங்கள். உங்கள் வேலை போனாலும் சொல்லுங்கள்.

அந்தப் பழைய அலுமாரி இன்னும் அதே மூலையில்தான் நிற்கிறது என்று சொன்னார்கள். மேல்தட்டில் தடித்த புத்தகம் இருக்கும். ரெண்டர் பகுதியில் ஒரு பக்கத்தின் மூலையை நான் மடித்து வைத்திருக்கிறேன். நம்பாவிட்டால் எடுத்துப் பாருங்கள். பெயர் இருக்கிறது, தொகை இருக்கிறது. விலாசம் இல்லை.